தண்ணீர் ராக்கெட்டின் நாசில்: துளையையும் அதன் பின்னே பாயும் தாரையையும் சோதிப்பது எப்படி

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்படுவதற்கும் ஜூன் 12-இல் திறக்கப்படுவதற்கும் இடைப்பட்ட மாதங்களே, காவிரி டெல்டாவின் பள்ளி அறிவியல் மன்றங்கள் தண்ணீர் ராக்கெட், அதாவது கொஞ்சம் நீர் விட்டுக் காற்றடித்த பிளாஸ்டிக் பாட்டில், விடுவதற்கு ஏற்ற காலம். ஆற்றில் மணல் வெளிப்பட்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும். பார்வையைத் தடுக்கும் மேடு பள்ளம் எதுவும் இல்லாத சமவெளி என்பதால், ராக்கெட் ஏறிய உயரத்தைத் தரையில் நின்றே கோணம் பார்த்து அளக்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது இங்கே வழக்கம். வெறும் தாள் நிற்கும் தரிசு என்று வெளியிலிருந்து தோன்றும் வயலில் இளம் பயறு முளைத்திருக்கும். வயற்காரரைக் கேட்காமல் முப்பது பிள்ளைகளை அதற்குள் இறக்கிவிடாதீர்கள்.

பள்ளிகளில் விடப்படும் தண்ணீர் ராக்கெட்டுகளைக் கவனித்தால், மூக்குக்கும் துடுப்புக்கும் அட்டை வெட்டி வண்ணம் பூசுவதில் காட்டப்படும் அக்கறை, பாட்டிலின் வாய்ப்புறத்தில் காட்டப்படுவதில்லை. ராக்கெட்டைத் தள்ளுவது அந்த வாயிலிருந்து, அதாவது நாசிலிலிருந்து, வெளியேறும் தாரைதான். தாரை எவ்வளவு பருமனாக, எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில் வெளியேறுகிறது என்பதைத் துளையின் அளவும் அதன் உள்விளிம்பின் வடிவமும் முடிவு செய்கின்றன. ஆகவே பறக்கவிடுவதற்கு முன் துளையைத் தரையிலேயே சோதித்துவிடுவது நல்லது. அதற்கு அழுத்தமும் வேண்டாம், ஏவுகுழாயும் வேண்டாம். ஒரு பெயிண்ட் வாளியும் ஓடுகிற தண்ணீரும் போதும்.

வாளிச் சோதனை

இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றின் அடிப்பக்க நடுவில், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் மரை நுழையும் அளவுக்கு, அதாவது ஏறத்தாழ 28 மி.மீ. விட்டத்தில் துளையிடுங்கள். ஒரு பாட்டிலின் கழுத்தை, தோளில் இரண்டு விரற்கடை சேர்த்து வெட்டியெடுத்து, வாளிக்கு உள்ளிருந்து அந்தத் துளையில் இறக்குங்கள். கழுத்தைச் சுற்றியுள்ள வளையம் உள்ளே தங்கிக்கொள்ளும். மரை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வளையத்துக்கும் வாளிக்கும் இடையில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வாஷர் ஒன்றை வைத்து, வெளியிலிருந்து மூடியைத் திருகினால் ஒழுக்கு நின்றுவிடும். வாளியின் சுவர் மிகவும் தடிப்பாக இருந்தால் மரையின் பாதிக்குமேல் மூடி ஏறாது என்பதால், மெல்லிய வாளியாகப் பார்த்து எடுப்பது நல்லது. வாளியை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல், நடுவில் தாரை விழ இடம் விட்டு, நிமிர்த்தி வையுங்கள்.

இப்போது இரண்டு மூடிகள் வேண்டும். முதல் மூடியின் நடுவில் 10 மி.மீ. துளையை மட்டும் போட்டு, பிசிறை பிளேடால் நீக்கிவிடுங்கள். உள்விளிம்பு கூர்மையாகவே இருக்கட்டும். இரண்டாம் மூடியிலும் அதே 10 மி.மீ. துளைதான், ஆனால் உட்புறத்தில் எம்-சீல் கொண்டு ஒரு புனல் வாய் அமைக்க வேண்டும். துளையிட்ட அதே டிரில் பிட்டின் மழமழப்பான தண்டில் தேங்காயெண்ணெய் தடவி, அதைத் துளையில் நேராக நிறுத்துங்கள். பிசைந்த எம்-சீலை அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு அழுத்தி, ஈரவிரலால் வெளிவட்டத்திலிருந்து துளையை நோக்கி வளைவாக வழித்துவிடுங்கள். மூடியின் மரையிலும், பாட்டிலின் வாய் வந்து உட்காரும் வட்டத்திலும் எம்-சீல் ஏறக்கூடாது. ஏறினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். சற்று இறுகத் தொடங்கியதும் தண்டைச் சுழற்றியபடியே உருவிவிட்டு, இரவு முழுவதும் காயவிட்டு, மறுநாள் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து வளைவைத் தேய்த்து மழமழப்பாக்குங்கள். இந்தப் பிளாஸ்டிக்கில் எம்-சீல் உறுதியாக ஒட்டாது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஏனெனில் பாயும் நீர் அதை மூடியோடு சேர்த்து அழுத்துமே தவிர, பெயர்த்தெடுக்காது.

முதல் மூடியைப் பொருத்தி, போர்செட் குழாயிலிருந்தோ நல்ல வேகமுள்ள தெருக்குழாயிலிருந்தோ ஹோஸ் போட்டு, வாளி விளிம்பில் வழிந்துகொண்டே இருக்கும்படி நீர் விடுங்கள். வழியும்வரை நீர்மட்டம் மாறாது. மட்டம் மாறாவிட்டால் தாரையின் வேகமும் மாறாது. துளைக்கு மேல் 35 செ.மீ. உயர நீர் நின்றால், தாரையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர். கீழே பத்து லிட்டர் வாளியைத் தாரைக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து வழியும் நீர் அதில் விழாமல் பார்த்துக்கொண்டு, நிரம்பும் நேரத்தைக் கைபேசியில் அளந்துகொள்ளுங்கள். கூர்விளிம்பு மூடிக்கு 80 வினாடியை ஒட்டியும், புனல்வாய் மூடிக்கு 50 வினாடியை ஒட்டியும் வர வேண்டும். துளை ஒன்றே, நீர்மட்டம் ஒன்றே; வேறுபாடு முழுவதும் உள்விளிம்பால் வந்தது.

காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். நீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்து, தாரையின் பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்துப் பாருங்கள். கூர்விளிம்புத் துளையிலிருந்து வரும் தாரை, துளைக்குக் கீழே ஏறத்தாழ அரைவிட்ட தூரத்தில், அதாவது 5 மி.மீ.க்குள், கண்ணாடிக் குச்சிபோல் மெலிந்துவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து துளையை நோக்கி ஓடிவரும் நீர், கூரான விளிம்பில் சட்டென்று செங்கோணமாகத் திரும்ப முடியாமல் உள்நோக்கியே சிறிது தூரம் சென்றுவிடுவதால், தாரையின் குறுக்குப்பரப்பு துளையின் பரப்பில் 62 விழுக்காடு அளவுக்குச் சுருங்குகிறது. நம் வாய்க்கால் மதகுகளிலும் இதுவே நடக்கிறது: பலகையை ஒரு சாண் தூக்கினால், அதன் கீழே பாய்ந்து வெளிவரும் நீரின் ஆழம், சற்றுத் தள்ளி ஒரு சாணைவிடக் குறைந்தே நிற்கும். புனல் வாயில் நீர் வளைவை ஒட்டிச் சிறிது சிறிதாகத் திரும்புவதால், துளை முழுவதையும் நிரப்பிக்கொண்டு வெளிவருகிறது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று உண்டு. கூர்விளிம்பு தாரையின் வேகத்தைக் குறைப்பதில்லை. வேகத்தில் இழப்பு ஓரிரு விழுக்காடுதான். குறைவது வெளியேறும் நீரின் அளவு. எனவே கூர்விளிம்புள்ள 10 மி.மீ. துளை, நன்றாக வழித்த 8 மி.மீ. துளைக்குச் சமம் என்று கொள்வதே சரி. 'என் நாசில் 10 மி.மீ.' என்று சொல்வதற்கு முன், அது எந்த விளிம்புள்ள 10 மி.மீ. என்று சொல்ல வேண்டும்.

பிசிறின் கேட்டையும் இதே வாளியில் பார்த்துவிடலாம். துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு பிசிறை விட்டுவைத்தால், தாரை நேராக விழாமல் அந்தப் பக்கமோ எதிர்ப்பக்கமோ ஒதுங்கி விழும். தரையில் இரண்டு விரற்கடை விலகும் தாரை, மேலே போனால் ராக்கெட்டைப் பக்கத்துக் கொல்லைத் தென்னையில் கொண்டுபோய்ச் செருகிவிடும்.

விரிந்த வாய் ஏன் வேண்டாம்

படங்களில் பார்க்கும் ராக்கெட்டுகளின் அடியில் மணிபோல் விரிந்த நாசில் இருக்கிறதே, நாமும் துளைக்குக் கீழே ஒரு கூம்பு ஒட்டலாமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தண்ணீருக்கு அது பயன்படாது. நீர் சுருங்கி விரியாத பொருள். குழாய் குறுகினால் அதன் வேகம் கூடும், அகன்றால் குறையும். கூம்பின் சுவரை ஒட்டி நீர் விரிந்து ஓடினால் வெளியேறும் வேகம் குறையும்; ஒட்டாமல் விலகினால் கூம்பு வெறும் சுமையாகத் தொங்கும்.

வாயுவின் நடத்தை வேறு. குறுகிய இடத்தில் ஒலியின் வேகத்தை எட்டிய வாயு, அதன் பிறகு அகலும் குழாயில் வேகம் குறைவதற்குப் பதிலாக மேலும் விரைகிறது. அதன் அடர்த்தி, குழாய் அகலும் விகிதத்தைவிட வேகமாகக் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். குறுகி விரியும் இந்த வடிவத்தை ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டி லாவால் 1880-களின் இறுதியில் நீராவிச் சுழலிக்காக அமைத்தார். ராக்கெட்டுக்கு அது பின்னால் வந்தது. எவ்வளவு விரிய வேண்டும் என்பது வெளியே உள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது. நிலவுக்கு ஆட்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டில், தரையிலிருந்து கிளம்பும் எஃப்-1 எஞ்சினின் வாய்ப்பரப்பு குறுகிய இடத்தைப்போல் 16 மடங்கு. மேலே போன பின் எரியும் ஜே-2 எஞ்சினில் அது 27.5 மடங்கு. தரையில் தேவைக்கு மேல் விரிந்த நாசிலை இயக்கினால், வெளிக்காற்றின் அழுத்தம் தாரையை நெருக்கிப் பிழியும். தாரைக்குள் அதிர்வலைகள் குறுக்கும் நெடுக்குமாக எதிரொளித்து, ஒளிரும் வைரக் கட்டங்களை வரிசையாக உண்டாக்கும். இன்னும் மிகுதியாக விரிந்திருந்தால் தாரை சுவரைவிட்டு ஒழுங்கின்றிப் பிரிந்து, நாசிலையே உலுக்கி உடைத்துவிடவும் கூடும்.

நம் பாட்டிலிலும் வாயுத் தாரை ஒன்று உண்டு. தண்ணீர் தீர்ந்த பிறகு மிஞ்சியிருக்கும் காற்று பீறிட்டு வெளியேறும் அந்தக் கணத்தில், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப்போல் 1.9 மடங்குக்கு மேல் இருக்கும்வரை, துளையில் அது ஒலியின் வேகத்தைத் தொட்டே நிற்கிறது. விரைந்து விரிவதால் குளிர்ந்துபோகும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் வெண்பனியாகி, ராக்கெட்டுக்குப் பின்னால் ஒரு நொடி புகைபோல் தொங்கும். கைபேசியின் ஸ்லோமோஷனில் நீலத் தாரை எங்கே முடிகிறது, வெண்பனி எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஏவுவது

பாட்டில், கேஸ் அடைத்த பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டிலாக மட்டுமே இருக்க வேண்டும். குடிநீர்ப் பாட்டில் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதன்று. கீறலோ, மடிந்த தழும்போ, வெயிலில் கிடந்து வெளுத்த அடையாளமோ இருந்தால் தள்ளிவிடுங்கள். புதுப் பாட்டிலையும் முதலில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, 60 பவுண்டு வரை காற்றடித்துச் சோதியுங்கள். டயர்க் கடையில் சொல்லும் அதே பவுண்டுக் கணக்குதான். உள்ளே காற்று ஏறக்குறைய இல்லாததால், வெடித்தாலும் நீர் கொட்டுவதோடு போகும். ஏவும்போது 40 பவுண்டைத் தாண்ட வேண்டாம். பம்பில் அழுத்தமானி இல்லையென்றால் ஏவவே வேண்டாம்.

மூடியில்லாத முழுவாய்க்கு, அரை அங்குல பிவிசி குழாய் ஏவுகுழாயாகும். ஆனால் குழாய்களின் வெளிவிட்டம் வகைக்கு வகை மாறும் என்பதால், பாட்டிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், வாய்க்குள் ஆட்டமில்லாமல் நுழையும் குழாயாகப் பார்த்து வாங்குங்கள். 10 மி.மீ. மூடிக்கு, ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்தும் 3/8 அங்குலச் செம்புக்குழாய், அதாவது 9.5 மி.மீ. வெளிவிட்டமுள்ளது, கச்சிதமாக அமையும். இரண்டிலும் ஓர் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) குழாயில் ஏற்றி, மூடி அல்லது பாட்டில் வாய் அதன்மேல் அழுந்தும்படி செய்ய வேண்டும். குழாயைச் சுற்றி எட்டுப் பத்துக் கேபிள் டைகளை நெருக்கமாக நிறுத்தி, அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்து வளையத்தின்மேல் கவ்விக்கொள்ளும்படி அமைத்து, அவை விரியாமலிருக்க மேலே ஒரு பெரிய குழாய்த்துண்டைப் போர்த்துங்கள். அந்தத் துண்டைக் கயிறு கட்டிக் கீழே இழுத்தால் டைகள் விரிந்து பாட்டில் கிளம்பிவிடும். குழாயின் மறுமுனையில் டியூப்லெஸ் டயர் வால்வு. காற்றடிக்கும்போது நீர் சொட்டினால் பரவாயில்லை. பீய்ச்சினால் 40 பவுண்டை எட்டமாட்டீர்கள், ஓ-ரிங்கை மாற்றுங்கள்.

மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, 600 மி.லி. தண்ணீர் விட்டு 40 பவுண்டில் திறந்தால், தாரையின் தொடக்க வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர். இந்த வேகம் எந்தத் துளைக்கும் ஒன்றே. அழுத்தம்தான் அதை முடிவு செய்கிறது. உந்துவிசைதான் துளையின் பரப்போடு கூடுகிறது. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கி, அதை இரட்டித்தால் உந்துவிசை கிடைக்கும். 22 மி.மீ. முழுவாயில் அது 21 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் பத்தில் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். வழித்த 10 மி.மீ. நாசிலில் 4 கிலோவுக்குச் சற்று மேல். தண்ணீர் தீர ஏறத்தாழ 0.4 வினாடி ஆகும். கூர்விளிம்பு மூடியிலோ 3 கிலோகூட வராது, நேரம் அரை வினாடியைத் தாண்டும்.

எது உயரம் போகும்? தாரை வேகம் ஒன்றே என்பதால் பெரிய துளை தானாகவே வென்றுவிடாது. குறுகிய துளையில் ராக்கெட் மெதுவாகக் கிளம்புவதால், தாரை ஓடும் நேரமெல்லாம் புவியீர்ப்பு அதைப் பின்னிழுக்கிறது, 0.4 வினாடிக்கு அந்த இழப்பு வினாடிக்கு 4 மீட்டர் வேகம். முழுவாயில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் ராக்கெட் கிளம்பிய உடனேயே உச்ச வேகத்தை எட்டிவிடுவதால் காற்றின் எதிர்ப்பு முழுமையாக வந்து மோதுகிறது, முப்பது மடங்கு புவியீர்ப்புக்கு நிகரான உதையில் துடுப்புகளும் பிய்ந்துபோகும். நூறு நூற்றைம்பது கிராம் எடையுள்ள இலேசான ராக்கெட்டுக்கு, வழித்த 10 மி.மீ. நாசிலும் முழுவாயும் அருகருகே வரலாம். பாராசூட், கேமரா என்று எடை ஏற ஏற முழுவாயே கைகொடுக்கும். கூர்விளிம்பு மூடியை நான் எதற்கும் பரிந்துரைப்பதில்லை. மெதுவாகக் கிளம்பும் ராக்கெட்டைக் காற்று எளிதாகச் சாய்த்துவிடும். துடுப்புக்கு வேகம் கிடைத்த பிறகுதான் அது நேராக்கும்.

பின்னால் நடப்பது

ஏவுகுழாய்க்கு அடியில் தாரை தரையில் மோதி நாலாபக்கமும் விரியும். ஆற்று மணலில் அது குழி பறித்து, மணலை ஏவுகுழாய்க்குள்ளும் ஓ-ரிங்கிலும் அள்ளி வீசும். களிமண் வயலில் முதல் ஏவுதலுக்குப் பிறகே கால் வழுக்கும் சேறாகிவிடும். ஒரு கோணிச் சாக்கை விரித்து, அதன்மேல் தகரத்துண்டு ஒன்றை 45 பாகை சாய்த்துச் செங்கல்லில் முட்டுக்கொடுத்து வையுங்கள்; தாரை, ஆட்கள் இல்லாத ஒரு பக்கமாகத் திரும்பிப் போய்விடும். ஸ்ரீஹரிகோட்டாவின் ஏவுதளங்களில் அனற்பிழம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் அமைப்பும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. கயிறு பத்து மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இழுப்பவருக்குக் கண்ணாடி கட்டாயம்.

தாரையின் பக்கவாட்டில் காற்று வெளியே தள்ளப்படும் என்று தோன்றும்; உண்மையில் உள்ளே இழுக்கப்படுகிறது. தண்ணீர்த் தாரை ஒரு நொடியில் முடிந்துவிடுவதால் இதை ஹேர் டிரையரில் பாருங்கள். சூட்டை நிறுத்திவிட்டு, காற்றுத் தாரைக்கு ஒரு சாண் பக்கத்தில் கொளுத்திய ஊதுபத்தியைப் பிடித்தால், புகை தாரையை நோக்கி வளைந்து அதனோடு கலந்து ஓடும். துடுப்புகளைத் தாரைக்குள் நீட்டாமல், கழுத்துக்கு மேலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்கு இந்தக் கலங்கலும் ஒரு காரணம்.

தாரை நின்ற பிறகு ராக்கெட்டின் பின்புறமே இழுவைக்குக் காரணமாகிறது. மேசை விசிறிக்கு முன்னால் ஒரு பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் பின்பகுதியில் விரல் நீள நூல் துண்டுகளை ஒட்டிப் பாருங்கள். கழுத்துப்புறம் பின்னால் இருக்கும்போது, தோளின் சரிவு வரை நூல்கள் படிந்து கிடந்து, கழுத்தருகில்தான் சுழலத் தொடங்கும். அடிப்புறம் பின்னால் இருந்தால் விளிம்பிலேயே நூல்கள் சிலிர்த்துத் திரும்பிவிடும். அந்தச் சுழற்பகுதியின் தாழ்வழுத்தம்தான் பின்னிழுப்பது. பாட்டிலின் தோள் இயல்பாகவே நல்ல வால் வடிவம்; அலங்காரத்துக்காக அதைச் சுற்றி நேரான அட்டைப் பாவாடை கட்டிக் கெடுக்காதீர்கள்.

பறக்கவிட மாசி, பங்குனி விடியற்காலையே சிறந்தது; நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும். மின்கம்பிகள் செல்லும் வயலை விலக்குங்கள். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தின் சுற்றுப்புறத்தில் எதையும் ஏவ வேண்டாம். உயரம் அளக்க, ஏவுமிடத்திலிருந்து எதிரெதிர்ப் பக்கங்களில் 30 மீட்டர் தள்ளி இருவர், பாகைமானியில் நூலும் குண்டும் கட்டி நின்று, உச்சியின் கோணத்தைப் படிக்கட்டும். 45 பாகை என்றால் உயரம் 30 மீட்டரும் கண்மட்டமும். மற்றக் கோணங்களுக்கு டேன்ஜென்ட் அட்டவணை. காற்றில் ராக்கெட் ஒருவர் பக்கம் சாய்ந்தாலும், இரண்டு விடைகளின் சராசரி பெரிதும் பிழைக்காது. ஒவ்வொரு நாசிலையும் அதே நீர், அதே அழுத்தத்தில் குறைந்தது மூன்று முறை விட்டு, உயரத்துக்கு எதிரே அந்த மூடியின் வாளி வினாடியையும் எழுதிவையுங்கள். ஒரே மூடியின் மூன்று உயரங்களுக்குள் வரும் ஏற்றத்தாழ்வு இரண்டு மூடிகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தால், நாசிலைப் பற்றி எந்த முடிவுக்கும் வராமல், முதலில் துடுப்புகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.